திருத்தம் எனத் தகுமா?

புதிய கலைக்குப் புதிய சல்லடைச் சொல் போதாது. தெளிந்த சொல் வேண்டும். அச்சொல் பொருளை விளக்குவதாக இருத்தல் வேண்டும். மறைப்பதாக இருத்தல் ஆகாது. 'மரபணுத் திருத்தம்' என்று இன்று பரவலாக வழங்கும் கலைச்சொல் இவ்வளவுகோலுக்கு ஒத்து வருமா என்பது ஆராயத்தக்கது. பயற்றினப் பயிர்களில் நிகழ்ந்துள்ள பணிகளே அதற்குத் தக்க உரைகல்லாகும்.

சோயா அவரையை முதற்கண் நோக்குவோம். 2014-இல் வெளியான ஆய்வொன்றில், 'டேலன்' என்னும் கருவியால் அதன் இரு மரபணுக்கள் வெட்டப்பட்டன. விதையிலுள்ள ஓலிக் அமிலத்தை லினோலிக் அமிலமாக மாற்றுவதே அவற்றின் தொழில். வெட்டுண்ட இழையை உயிரணு தானே ஒட்டிக்கொள்ளும், ஒட்டும்போது சில எழுத்துகள் விடுபட்டுப்போகும், மரபணு செயலறும். இதன் பயனாக, எண்ணெயில் நூற்றுக்கு 20 பங்காக இருந்த ஓலிக் அமிலம் 80 பங்காக உயர்ந்தது; 50 பங்காக இருந்த லினோலிக் அமிலம் 4 பங்குக்கும் கீழே இறங்கியது. சூட்டில் எளிதில் கெடாத அவ்வகை எண்ணெய் 2019-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 2012-இல் அறிமுகமான 'கிரிஸ்ப்பர்' கருவியும் பெரும்பாலும் இவ்வாறே தொழிற்படுகிறது.

பயன் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால், இங்கே திருத்தப்பட்ட பிழை யாது? லினோலிக் அமிலம் ஆக்குவது சோயாவின் இயல்பு, குற்றம் அன்று. செவ்வனே தொழில் செய்த மரபணுக்கள் முடக்கப்பட்டன என்பதே உண்மை. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாத ஐயர், பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளிந்தார். அது திருத்தம். நல்ல பாடமுள்ள ஓர் அடியை வேண்டுமென்றே சிதைத்தலை, அதனால் ஒரு நன்மை விளையினும், திருத்தம் என்று தமிழறிந்தார் கூறார்.

இச்சொல்லை ஆதரிப்பார்க்கும் ஒரு சான்று உண்டு. காடு திருத்திக் கழனியாக்குதல் என்பது தமிழ் வழக்கு. அங்குப் பிழை நீக்கம் என்பது பொருள் அன்று; பயன்பாட்டுக்கு ஏற்பச் செப்பஞ்செய்தல் என்பதே பொருள். இவ்வாதம் தள்ளத்தக்கதன்று. ஆயினும், திருத்தம் என்றதும் மாணவன் மனத்தில் எழுவது கழனி அன்று. ஆசிரியரின் சிவப்பு மையே.

மற்றொரு குழப்பமும் உண்டு. காய்ப்புழுவை எதிர்க்கும் காராமணிக்கு நைஜீரிய அரசு 2019-இல் ஒப்புதல் அளித்தது. அதில் மண்வாழ் பாக்டீரியா ஒன்றின் மரபணு புகுத்தப்பட்டுள்ளது. இதனை 'மரபணு மாற்றம்' என்கின்றனர். சோயாவிலும் மரபணு மாறியே உள்ளது; ஆயின் அதனைத் 'திருத்தம்' என்கின்றனர். அயல் மரபணு உள்ளே வந்ததா, சொந்த மரபணு செயலற்றதா என்பதை இவ்விரு சொற்களும் உணர்த்தவில்லை. பல நாடுகளில் ஒரு பயிர் எவ்விதிக்கு உட்படும் என்பது இவ்வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது. உண்பவனும் உழுபவனும் அறியவேண்டிய செய்தி, ஒரு சொல்லில் புகழாகவும் மற்றொன்றில் அச்சமாகவும் திரிந்துவிடுகிறது.

ஆகவே, அயல் மரபணு புகுத்துவதை 'மரபணுச் சேர்ப்பு' என்றும், உள்ளதைச் செயலறச் செய்வதை 'மரபணு முடக்கம்' என்றும் வழங்குதல் நலம். ஓர் எழுத்தை வெட்டாமலே மற்றோர் எழுத்தாக மாற்றும் கருவி 2016-இல் அறிவிக்கப்பட்டது. பழுதுற்ற எழுத்தை அது செம்மை செய்யுமிடத்துத் 'திருத்தம்' என்னும் பெயர் முற்றும் பொருந்தும்.

பெயர் சூட்டும்போதே தீர்ப்பும் கூறிவிடுதல் கலைச்சொல்லுக்கு அழகன்று. நிகழ்ந்ததைச் சொல் கூறட்டும். நன்று, தீது என்பதைக் கற்பவர் ஆய்ந்து துணியட்டும். அதற்கு வழிசெய்வது தமிழாசிரியர் கடன்.