மெருகும் வடுவும்

மடியில் கிடத்தி வாசிக்கும் கித்தார் ஒன்று உண்டு. அதன் தந்திகளை விரல் அழுத்துவதில்லை. இடக்கையில் பிடித்த எஃகுத் துண்டு அவற்றின்மேல் வழுக்கிச் செல்ல, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடைப்பட்ட வெளியெல்லாம் நாதமாகிறது. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இவ்வழுக்கல் அந்நியமன்று. எனினும் இவ்வாசிப்பின் தாயகம் பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளாகும். 1920களில் இதற்கென உருவான சிறுமேனிக் கித்தார்கள் இன்று பழுது நீக்கப்பெற்று மீண்டும் ஒலிக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்கும் கலையை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஓவாஹு தீவின் லாயியே ஊரைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்கு, 1880களில், இளம் பருவத்திலேயே இம்முறையைக் கண்டு வளர்த்தார் என்பது பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. அம்மக்களின் அரசி லிலியுவோகலானி 1893-இல் அரியணையினின்று அகற்றப்பட்டார். 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. நாட்டை இழந்த மக்களின் இசை அதன்பின்னரே கடல் கடந்து பெரும்புகழ் பெற்றது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அதைக் கேட்ட அமெரிக்கர் மயங்கினர். ஆயினும் அவர்கள் விரும்பியது பெரும்பாலும் தென்னையும் நிலவொளியும் கலந்த இனிப்பையே. அதனடியில் கிடந்த இழப்பை அன்று.

அந்த மோகம் பரவிய காலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழ்ந்த ஜெர்மானியரான ஹெர்மன் வைசன்போர்ன் தம் கித்தார்களைச் செய்தார். ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும், வேல மர இனத்தைச் சார்ந்த ‘கோஆ’ மரத்தாலானவை அவை. குடம் ஆழம் குறைந்தது. தண்டியும் உள்ளீடற்றது, ஆகவே குடத்தின் காற்று தண்டிவரை பரவ, கருவி முழுதும் சேர்ந்து அதிர்கிறது. எஃகு மரத்தில் இடறாதிருக்கத் தந்திகள் உயர்ந்து நிற்கின்றன. மெட்டுகள் வெறும் அடையாளக் கோடுகளே. பலகைகள் மெல்லியவை; பூச்சும் மெல்லியது. 1927-இல் உலோக உடல் கொண்ட கித்தாரும், 1930களின் தொடக்கத்தில் மின்கித்தாரும் வந்தபோது, இம்மென்குரல் பெரிய அரங்குகளில் எடுபடவில்லை. கருவிகள் பரண் ஏறின.

பரணிலிருந்து இறங்கும் கருவியில் பலகை வெடித்திருக்கும், குதிரை பெயர்ந்திருக்கும், உட்சட்டங்கள் பசை விட்டிருக்கும். அதைக் கையிலெடுப்பவர் முன் இரு வழிகள் உள்ளன. தடித்த சட்டங்களைப் பொருத்தி, பழைய பூச்சைச் சுரண்டி, புதிய பூச்சை அழுத்தமாக ஏற்றி, இனி உடையாதவாறு செய்துவிடலாம். கருவி உறுதி பெறும், குரலோ அடங்கிவிடும். எந்த மென்மையால் அது நலிந்ததோ, அந்த மென்மையால்தான் அது பாடியது.

மற்ற வழி பொறுமையைக் கேட்பது. வெடிப்பின் உட்புறம் சிறு மரத்துண்டுகளை ஒட்டித் தாங்கவேண்டும். பழைய சட்டத்தையே வச்சிரப் பசையால் மீண்டும் இருத்தவேண்டும். சூடும் ஈரமும் பட்டால் அப்பசை பிரியும். ஆதலால் இன்று நாம் செய்யும் பிழையை நாளை வேறொருவர் திருத்த இடமுண்டு. தாங்கும் அளவுக்கு மெல்லிய தந்திகளைப் பூட்டவேண்டும். மணிக்கட்டு பட்டுத் தேய்ந்த இடத்தைத் தேய்ந்தவாறே விடவேண்டும். இதுவே சிறந்த புதுப்பிப்பு என்பது என் துணிபு. கண்ணாடிபோல் மின்னுமாறு மெருகேற்றிய பழங்கருவிகளைப் பாராட்ட என்னால் இயலவில்லை. ஒரு மக்களின் இழப்பின்மேல் அன்று பூசிய இனிப்புக்கும், மரத்தின் வடுவின்மேல் இன்று பூசும் மெருகுக்கும் உறவு உண்டு. இரண்டும் நடந்ததை நடவாததுபோல் காட்டுகின்றன.

அவ்வாறாயின், தொடாமலே பேழைக்குள் வைத்துக் காப்பது மேலன்றோ என்று கேட்கலாம். வாசித்தால் தேயும் என்பது மெய்யே. ஆனால் வாசிக்கப்படாத கருவி தன்னைப்பற்றி எதையும் சொல்வதில்லை. 2023-இல் மறைந்த டேவிட் லிண்ட்லி போன்றோர் இப்பழங்கருவிகளை எடுத்து வாசித்ததால்தான் உலகம் அக்குரலை மீண்டும் கேட்டது. 1994-இல் தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட பென் ஹார்ப்பர், கலிபோர்னியாவின் கிளேர்மான்ட் ஊரில் தம் குடும்பத்தார் நடத்திய இசைக்கருவிக் கடையில் வளர்ந்தவர். அவர் மடியில் இக்கருவி அருங்காட்சிப் பொருளாக இல்லை, இளையோரின் குரலாயிற்று.

ஆகவே புதுப்பித்த கருவியொன்றைக் காணும்போது, அதன் பளபளப்பைக் கண்டு வியந்துவிடாமல், தந்தியை ஒருமுறை மீட்டச் சொல்லிக் கேட்போம். மேற்பலகையில் வெடித்த கோடு தெரியட்டும். அந்தக் கோட்டுக்கு அடியிலிருந்து அந்த மெல்லிய குரல் எழுமாயின், பழுது நீக்கியவர் தம் பணியைச் செவ்வனே செய்திருக்கிறார்.