தப்பிய மீனுக்குப் பின்னும் லூரை மாற்றாதவர்

ஸ்மால்மவுத் பாஸ் போட்டிகளில் பலரும் தப்பாகவே புரிந்துகொள்ளும் முடிவு ஒன்று உண்டு. நீரின் மேல்பரப்பில் ஓடும் லூரை, அதாவது செயற்கை இரையை, மீன் பாய்ந்து அடிக்கிறது, கொக்கியில் சிக்காமல் போகிறது. அதற்குப் பிறகும் தூண்டில்காரர் அதே லூரை, அதே வேகத்தில் ஓட்டுகிறார். கரையில் நிற்பவர்கள் இதைப் பிடிவாதம் என்கிறார்கள். சிறிய பாப்பர் வகை லூருக்கு மாறு, வேகத்தைக் குறை, நிறுத்தி நிறுத்தி இழு என்பது அவர்களின் அறிவுரை. லார்ஜ்மவுத் பாஸ் பிடித்துப் பழகியவர்களுக்கு அது சரியான பாடம். செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் அதே பாடம் மீனைத் துரத்திவிடும்.

அந்த ஆற்றின் ஆயிரம் தீவுப் பகுதியில் கோடைப் போட்டிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். பெயர் தேவையில்லை. அவர் கையில் பெரும்பாலும் நாலரை அங்குல நீளச் சுருட்டு வடிவ லூர் ஒன்றுதான். ஹெட்டன் நிறுவனத்தின் சாரா ஸ்பூக் முன்மாதிரியாகி நின்ற வகை அது. ராடின் நுனியைத் தட்டித் தட்டி இழுத்தால் இடமும் வலமுமாக நெளிந்து ஓடும். மீன் அடித்துத் தவறவிட்டால் அவர் ரீலை நிறுத்துவதே இல்லை. இரண்டாவது அடி அதே மீனிடமிருந்தோ, பின்னால் வரும் அதன் கூட்டாளியிடமிருந்தோ வருகிறது. இந்த மீன்கள் பல நேரம் கூட்டமாக வேட்டையாடுபவை. தப்பியோடும் இரைக்குப் போட்டி போடும். அசையாமல் மிதப்பதை நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். தெளிந்த நீரில் நிறுத்துவது என்பது மீனுக்குச் சோதித்துப் பார்க்க நேரம் கொடுப்பது.

தெளிவுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்ட வரிக்குதிரைச் சிப்பிகள் பேரேரிகள் முழுக்கவும் இந்த ஆற்றிலும் பரவி, நீரை வடிகட்டித் தெளிய வைத்தன. 1990-ல் அதே நீர்ப்பகுதியில் உருண்டை கோபி மீன் தென்பட்டது. காற்றுப்பை இல்லாத, தரையோடு ஒட்டி வாழும் மீன் அது. பாஸ் அதைத் தின்று கொழுத்தது. இதிலிருந்து பலர் எடுத்த முடிவு, ஸ்மால்மவுத் இனி அடிமட்ட மீன், மேல்மட்ட லூரின் காலம் முடிந்தது என்பது. பாதிக் கணக்கு அது. கோபி தரையில் இருப்பது உண்மை. ஆனால் சிப்பிகள் தெளியவைத்த அதே நீரில், பன்னிரண்டு பதினைந்து அடி ஆழத்தில் கிடக்கும் பாஸ் வானத்தின் பின்னணியில் நகரும் ஒரு நிழலைப் பார்த்துவிடுகிறது. கண்ணை நம்பி வேட்டையாடும் மீன், பார்த்ததும் மேலே ஏறுகிறது. விடியலிலும் அந்தியிலும் மட்டுமே இந்த லூர் எடுபடும் என்ற நம்பிக்கையும் இதனால் அடிபடுகிறது. நீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால், நல்ல வெயிலடிக்கும் மதியத்திலும் அடி விழும்.

ஆகவே லூரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நீர்ப்பரப்பைப் பார்த்து. மீனின் மனநிலையை ஊகிப்பது வீண்வேலை. லேசான சிற்றலை இருந்தால் நெளிந்தோடும் நீள லூருக்கு இணை இல்லை. அலை எழும்பினால் அதன் உருவம் உடைந்துவிடும். அப்போது சத்தம் வேண்டும். வால் சுழன்று நீரை அடிக்கும் வாப்பர் பிளாப்பர் போன்றவை அதற்கானவை. 90, 110, 130 மில்லிமீட்டர் அளவுகளில் 110 பெரும்பாலும் போதும். கண்ணாடிபோல் நீர் அசையாத நேரத்துக்கும், ஆற்றில் பாறைக்குப் பின்னால் உருவாகும் சிறிய நீர்ச்சுழிக்கும் இரண்டரை அங்குலப் பாப்பர். பாப்பருக்கு உரிய இடம் அவ்வளவே. நிறத்தைப் பொறுத்தவரை, மீனுக்கு முதலில் தெரிவது வயிறு. முதுகில் தீட்டிய ஓவியம் வாங்குபவரின் கண்ணுக்கு. எலும்பு வெள்ளையும் கண்ணாடித் தெளிவும் பெட்டியில் இருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

லைனில், அதாவது தூண்டில் நூலில், பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபுளோரோகார்பன் மூழ்கும், லூரின் மூக்கைக் கீழே இழுத்து நெளிவைக் கெடுக்கும். பிரெய்டு லைனின் முனையில் ஒரு சிறு துண்டு மோனோஃபிலமென்ட் கட்டுவதே சரி. நீர் தெறித்ததைக் கண்டதும் ராடைச் சுண்டக் கூடாது. மீனின் எடை கையில் இறங்கிய பிறகே சுண்ட வேண்டும். அந்தப் பெயரில்லாத ஆட்டக்காரர் தவறவிடும் மீன்கள் குறைவாக இருப்பதன் ரகசியம் பாதி இந்தப் பொறுமையில் இருக்கிறது.

முன்னோக்கிப் பார்க்கும் சோனாருக்குச் சில போட்டித் தொடர்கள் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. திரையில் ஒவ்வொரு மீனையும் பார்த்துத் தூண்டில் இறக்கியவர்கள், இனி பரந்த நீரில் மீனைத் தேட வேண்டும். தேடுவதற்கு வேகமாக ஓடும், தொலைவு வீசக்கூடிய மேல்மட்ட லூரை விஞ்சியது இல்லை. வரும் கோடையில் வால் சுழலும் லூரின் மோகம் கொஞ்சம் தணியும். சுருட்டு வடிவ லூர் ராடுகளுக்குத் திரும்பும். பேரேரிப் போட்டி ஒன்றின் கடைசி நாளில், மதிய வெயிலில், முதல் அடியைத் தவறவிட்ட பிறகும் ரீலை நிறுத்தாத ஒருவரே கோப்பையைத் தூக்குவார்.