திருட்டு ஃபார்முலாவும் நம்ம ஊர் வெயிலும்

உப்பிப்போன கெப்பாசிட்டர் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு உளவுக் கதையும் கூடவே வரும். ஜப்பான் கம்பெனியில் இருந்த ஒரு விஞ்ஞானி சீனாவுக்கு வேலை மாறிப் போனார். அவரிடமிருந்து எலக்ட்ரோலைட் ஃபார்முலாவைச் சுட்டு தைவானுக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு சேர்மானம் விட்டுப்போச்சு. அதனால்தான் 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மதர்போர்டுகள் செத்தன. சுவாரசியமான கதைதான். ஆனால் நம்ம மேஜையில் செத்துக் கிடக்கிற பெரும்பாலான கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் இது விளக்கம் ஆகாது என்பது என் கட்சி.

கதையில் உறுதியான பகுதி அதன் வேதியியல். எலக்ட்ரோலைட்டில் தண்ணீர் கூடினால் கெப்பாசிட்டரின் உள்தடை குறையும், விலையும் குறையும். ஆனால் தண்ணீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். அதைத் தடுக்கிற வேதிப்பொருள் சரியாகச் சேர்க்கலைன்னா, உள்ளே அழுத்தம் ஏறி, தலையில் கீறிவைத்திருக்கும் கோடு உப்பிப் பிளக்கும். தைவான் தயாரிப்புகள் பலவற்றில் இது நிஜமாகவே நடந்தது.

கதை இடிக்கிற இடம் டெல். 2003 மே முதல் 2005 ஜூலை வரை, பழுதாகும் வாய்ப்புள்ள கம்ப்யூட்டர்கள் குறைந்தது 1.18 கோடியை அந்த நிறுவனம் அனுப்பியிருந்தது. அதைச் சரிசெய்ய 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. ஒரு வழக்கின் ஆவணங்கள் 2010-ல் வெளியானபோதுதான் முழு அளவும் ஊருக்குத் தெரிந்தது. அந்தக் கெப்பாசிட்டர்களைச் செய்தது தைவான் கம்பெனி இல்லை; நிச்சிகான் என்ற பேர்பெற்ற ஜப்பான் நிறுவனம். திருட்டு ஃபார்முலாவை வைத்து இதை எப்படி விளக்குவது? பெயர் சொல்லப்படாத ஒரு திருடன், தூரத்து ஊர், தொலைந்த ரகசியம் என்று எல்லாம் இருப்பதால் கதை நிலைத்துவிட்டது. தரப் பரிசோதனை எங்கே கோட்டை விட்டது என்ற கேள்வி அதற்குள் மறைந்துவிட்டது.

இப்போ நம்ம பக்கம் வருவோம். புளியங்குடியில் ஒரு டிடிபி கடை. மே மாதம் கடைக்குள்ளேயே 38 டிகிரி. பவர் சப்ளை ஃபேனில் தூசி அடை அடையாக இருக்கும். கெப்பாசிட்டர் உறையில் 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பதன் பொருள், அந்தச் சூட்டில் இத்தனை மணி நேரம் தாங்கும் என்பது. சாதாரண ரகத்துக்கு 2,000 மணி என்று வைத்துக்கொள்வோம். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் சுமார் இரட்டிப்பாகும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. உள்ளே 65 டிகிரி என்றால் 32,000 மணி; தினம் 12 மணி நேரம் ஓடினால் ஏழு வருஷத்துக்கு மேல். தூசியால் அது 75 ஆனால் ஆயுள் பாதியாகி மூன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இதில் எந்த உளவாளியும் இல்லை, வெயிலும் தூசியும்தான்.

என் முக்கியமான குறை ரிப்பேர் செய்யும் முறை மேல். உப்பினதைக் கழற்றிவிட்டு, மைக்ரோஃபாரடும் வோல்ட்டும் பொருந்தினால் போதும்னு கையில் கிடைத்த 85 டிகிரி ரகத்தைப் போடுகிறார்கள். அதே 2,000 மணி, அதே 75 டிகிரி என்றால் ஆயுள் 4,000 மணிதான். ஒரு வருஷம்கூட முழுசாக வராது. மானிட்டர் மறுபடி கண் சிமிட்ட ஆரம்பிக்கும். "ரிப்பேர் பண்ணினா நிக்காது" என்று வாடிக்கையாளர் முடிவுகட்டுவார், பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவார். சில ரூபாய் வித்தியாசத்தில் ஒரு நல்ல மானிட்டரும் போச்சு, மெக்கானிக் பெயரும் போச்சு.

ஆகவே மாற்றும்போது 105 டிகிரி, உள்தடை குறைந்த ரகம் கேட்டு வாங்குங்கள். வோல்ட் பழையதற்குக் குறையவே கூடாது. மைனஸ் பட்டை பழைய இடத்திலேயே வரணும். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில், ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை முறையாக இறக்காமல் உள்ளே கை வைக்காதீர்கள். மூடுவதற்கு முன் ஃபேன் தூசியைத் தட்டிவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் புதுக் கெப்பாசிட்டரும் அதே சூட்டில்தான் வேகும்.