ஆலைச் சங்கு இரண்டு முறை

போராட்டப் பாட்டு என்றதும் உயர்த்திய முஷ்டியும் கூட்டத்தின் கோஷமும்தான் நினைவுக்கு வரும். சிலி நாட்டு விக்தோர் ஹாராவின் ‘தே ரெகுவேர்தோ அமாந்தா’வைக் கேட்டுப் பாருங்கள். 1969-ல் இசைத்தட்டாக வந்தது. ஒரு கிதார், ஒரு தணிந்த குரல், அவ்வளவுதான்.

அமாந்தா நனைந்த தெருவில் ஓடுகிறாள். தலைமுடியில் மழை, முகம் நிறையச் சிரிப்பு. ஆலையில் வேலை செய்யும் மானுவேலைப் பார்க்கப் போகிறாள். கிடைப்பது ஐந்தே நிமிடம். சங்கு ஊதுகிறது, வேலைக்குத் திரும்ப வேண்டும். மறுபடி அதே தெரு, அதே மழை, அதே மெட்டு. ஆனால் இம்முறை மானுவேல் மலைக்குப் போய்விட்டான். ஐந்து நிமிடத்தில் அவன் கதை முடிகிறது. மறுபடி சங்கு ஊதுகிறது. திரும்பாத பலரில் அவனும் ஒருவன்.

கொன்றது யார், எந்தக் கொள்கைக்காகப் போனான், ஒரு சொல் கிடையாது. மெட்டை மாற்றி நம்மை அழவைத்திருக்கலாம், மாற்றவில்லை. காதலுக்கு அளந்த அதே ஐந்து நிமிடத்தைச் சாவுக்கும் அளந்து கொடுத்தாரே, அங்கேதான் என் நெஞ்சு ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறது.

இந்த அடக்கம் நாடக மேடை தந்தது என்பேன். ஹாரா பேர்பெற்ற நாடக இயக்குநர். எதை மேடையில் காட்டுவது, எதைத் திரைக்குப் பின்னால் விடுவது என்று அறிந்தவர். பாட்டு மட்டும் அம்மா கொடுத்தது. குடியானவக் குடும்பம், அந்த அம்மா கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கிதாரோடு போய்ப் பாடுவார், நம் ஊர் ஒப்பாரிக்காரிகள் போல. அவர் பெயர் அமாந்தா, அப்பா பெயர் மானுவேல். கதை அவர்களுடையதல்ல, பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். தன் மகளுக்கும் அமாந்தா என்றே பெயர் வைத்திருந்தார்.

அதிபர் தேர்தலில் நின்ற அலெண்டேவுக்காகவும் பாடினார். அந்தப் பிரசாரப் பாடல்களைவிட இந்த மழைத்தெருவே எனக்குப் பெரிது.

1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் அலெண்டேவின் ஆட்சியைக் கவிழ்த்தது. மறுநாள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு பிடிபட்ட ஹாராவை விளையாட்டு அரங்கம் ஒன்றில் அடைத்து, வதைத்து, சில நாட்களில் சுட்டுக் கொன்றார்கள். உடலில் 40-க்கு மேற்பட்ட குண்டுக் காயங்கள். மனைவி ஜோன் ஏறக்குறைய ரகசியமாக அவரைப் புதைத்துவிட்டு, ஒலிநாடாக்களோடு நாட்டைவிட்டு வெளியேறினார். இன்று நாம் கேட்பதில் பெரும்பங்கு அவர் காத்துத் தந்தது.

2023 ஆகஸ்டில், 50 ஆண்டு கழித்து, ஹாரா கொலை வழக்கில் சிலி உச்ச நீதிமன்றம் ஏழு முன்னாள் ராணுவத்தினரின் தண்டனையை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பைக் காண ஜோன் உயிரோடிருந்தார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.