திறமையைக் கண்ட பிறகு

1912 மார்ச்சில், மதராஸ் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். சான்றிதழ்களை மட்டும் பார்த்தால் அதற்குமேல் அவருக்கு ஒரு வேலை கிடைத்திருக்காது. ஆனால் அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் படித்தவர். இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளர். குமாஸ்தா எழுதும் கணிதம் கிறுக்கல் அல்ல என்று அவரால் சொல்ல முடிந்தது. துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவுக்கு வந்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. துறைமுகம் விடுப்புக் கொடுத்து அனுப்பியது.

ஊழியரின் மறைந்த திறமையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நிறுவனங்கள் இன்று உற்சாகமாகப் பேசுகின்றன. அந்த உற்சாகம் நல்லதுதான். பத்து வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பவரை, பதவிப் பெயருக்கு அப்பால் ஒருவர் ஏறெடுத்துப் பார்ப்பதே பெரிய விஷயம். ஆனால் துறைமுகம் செய்ததில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. கணிதம் தெரிந்த ஒருவர் மேலே இருந்ததால்தான் கணித மேதை கண்ணில் பட்டார். திறமைகளைக் கேட்டு நிரப்பச் சொல்லும் படிவம் எதுவும் அந்த வேலையைச் செய்திருக்காது. இன்னொன்று, அந்தத் திறமையைத் தன் கணக்குப் பிரிவுக்கென்று துறைமுகம் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

பலனில் உரிய பங்கு தராமல் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் நிச்சியா நிறுவனம் சாட்சி. தொகுஷிமா பகுதியில் இயங்கும் அந்த நிறுவனத்தில் ஊழியராக இருந்தவர் ஷுஜி நகமுரா. நிறுவனர் நொபுவோ ஒகாவா அவரை நம்பிப் பெரும் பணம் ஒதுக்கினார், அமெரிக்காவுக்கும் அனுப்பினார். 1993இல் பிரகாசமான நீல எல்.இ.டி. விளக்கு வந்தது. இதுவரை பாராட்டத்தக்கதே. கண்டுபிடிப்புக்காக நகமுராவுக்குக் கிடைத்த வெகுமதியோ 20,000 யென். அவர் வழக்குத் தொடுத்தார். 2004இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. மறு ஆண்டு ஏறத்தாழ 84 கோடி யென்னில் சமரசம் ஆனது. 2014இல் அதே கண்டுபிடிப்புக்காக அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நம் அலுவலகங்களில் தொகைதான் சிறியது. படம் வரையத் தெரிந்த கணக்காளர் என்று தெரிந்துவிட்டால் போதும், ஆண்டு விழாப் பேனர் முதல் மேலாளர் வீட்டு அழைப்பிதழ் வரை அவர் தலையில். கணக்கு வேலை ஒரு மணி நேரம்கூடக் குறையாது. பாராட்டு மேடையில் கிடைக்கும்; சம்பள உயர்வின்போது அந்தத் திறமையை யாரும் நினைப்பதில்லை. அதனாலேயே விவரமான ஊழியர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கிறார்கள். அதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். சனிக்கிழமை கோயிலில் மனமுவந்து பாடும் ஒரு பெண்ணுக்கு, அலுவலக விழாவில் பாட மறுக்க முழு உரிமை உண்டு. திறமை அவருடையது, நிறுவனம் சம்பளம் கொடுப்பது வேறொரு வேலைக்கு.

ஆகவே கண்டறிவதை நான் எதிர்க்கவில்லை. விலை பேசாமல் பயன்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன். புதிய பொறுப்பைக் கொடுக்கும் அன்றே பழைய வேலையில் எது குறைகிறது, ஆதாயத்தில் எவ்வளவு பங்கு, வேண்டாமென்றால் எப்படி விலகுவது என்ற மூன்றையும் எழுத்தில் தர வேண்டும். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த வேலைக்கு ஒரு வரியாவது ஒதுக்க வேண்டும்.