துருவைத் துடைப்பதா, விட்டுவைப்பதா?

பாரிஸில் 2019 ஜூன் 19 அன்று நடந்த ஏலத்தில், துரு தின்று தீர்த்த இரும்புக்கூடு ஒன்று 1,62,500 யூரோவுக்கு விலைபோனது. அது ஏழு மில்லிமீட்டர் லெஃபோஷே ரிவால்வர். 1960-களில் ஓவர்-சுர்-வாஸ் கிராமத்து வயலில் ஒரு விவசாயியின் கையில் சிக்கியது. 1890 ஜூலையில் அதே ஊரில் ஓவியர் வின்சென்ட் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டது இந்தத் துப்பாக்கியால்தான் என்று பலர் நம்புகிறார்கள். அறுதியிட்டுச் சொல்ல ஏலம் விட்டவர்களே துணியவில்லை. ஆனாலும் அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொன்னவற்றில் முக்கியமானது துருதான். இரும்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள், 1890-களிலிருந்தே அது மண்ணுக்குள் கிடந்திருக்கலாம் என்று கணித்தார்கள். கண்டெடுத்த ஜோரில் யாராவது அதைச் சாணை பிடித்துப் பளபளக்க வைத்திருந்தால், பழைய இரும்புக் கடையில் போட வேண்டியதுதான்.

அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 2016 நவம்பரில், பாரிஸிலேயே இன்னொரு ஏழு மில்லிமீட்டர் லெஃபோஷே 4,34,500 யூரோவுக்கு விற்றது. கவிஞர் வெர்லேன் 1873-ல் பிரஸ்ஸல்ஸில் தன் தோழர் ரேம்போவைச் சுட்ட துப்பாக்கி அது. இரண்டுக்கும் விலை வந்தது அவற்றின் கதையால். எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்பது இரண்டாம்பட்சம்.

கதை ஏதும் இல்லாத துப்பாக்கிக்கு என்ன வழி? புதுப்பித்தல் பற்றிய பேச்சு உண்மையில் அங்கேதான் சூடு பிடிக்கிறது. அமெரிக்காவில் தாத்தாவின் மேசை இழுப்பறையிலிருந்தோ பரணிலிருந்தோ வெளிவரும் ரிவால்வர்களில் பெரும்பாலானவை கோல்ட்டும் அல்ல, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஐவர் ஜான்சன், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் போன்ற தொழிற்சாலைகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலிவு விலையில் செய்து குவித்தவை அவை. 1901 செப்டம்பரில் பஃபலோ நகரில் அதிபர் மெக்கின்லியைச் சுட்டது .32 காலிபர் ஐவர் ஜான்சன் ஒன்று. அந்த ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உடன்பிறப்புகளோ இன்றும் சல்லிசாகக் கிடைக்கின்றன. இப்படிப்பட்ட ஒன்றைப் பட்டறைக்கு அனுப்பினால் கூலி துப்பாக்கியின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். செலவழித்த பணம் திரும்பாது என்று தெரிந்தே, தாத்தாவின் நினைவுக்காகச் செய்பவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. முதலீடு என்று நினைத்துச் செய்பவர்களைத்தான் உட்காரவைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

புதுப்பித்தலில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். துருப்பிடித்த இரும்பின் மேல் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுந்திருக்கும். மேற்பரப்பு வழுவழுப்பாக வேண்டுமானால், ஆழமான குழியின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள இரும்பை அரம் போட்டும் உப்புத்தாள் போட்டும் இறக்க வேண்டும். அல்லது குழிகளில் வெல்டிங் வைத்து நிரப்பி, பிறகு தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். இரண்டிலும் பழைய மேற்பரப்பு மிஞ்சாது. அவசரக்காரர் சுழலும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துவிட்டால் இன்னும் மோசம். தொழிற்சாலையில் கூர்மையாக விட்ட விளிம்புகள் உருண்டுவிடும், திருகுத் துளைகளின் ஓரம் பள்ளமாகும், குழலின் மேல் பொறித்த நிறுவனப் பெயர் பாதி மங்கும். அதற்கு மேல், துப்பாக்கி இரும்புக்கே உரிய கருநீலப் படலமான நீலத்தை எவ்வளவு அழகாக ஏற்றினாலும், பழகிய கண் விளிம்பைத்தான் முதலில் பார்க்கும்.

அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் பழந்துப்பாக்கிகளுக்கு வகுத்துள்ள தர வரிசை இதை வெளிப்படையாகவே சொல்கிறது. மூலப்பூச்சு 30 விழுக்காட்டுக்குக் கீழே போய், துளிகூட மிஞ்சாத துப்பாக்கியும் 'மிக நன்று' என்ற தரத்தில் நிற்கலாம். உதிரிகள் எல்லாம் அசலாக, விளிம்புகள் கூராக, எழுத்துகள் தெளிவாக இருந்தால் போதும். மறுபடி நீலம் ஏற்றிய துப்பாக்கி அதற்கு ஒரு படி கீழே, 'நன்று' என்ற வரிசைக்கு இறங்கிவிடுகிறது. நிறமே இல்லாதது மேலே, புது நிறம் பூசியது கீழே! புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். கூர்மையான விளிம்பும் தெளிவான எழுத்தும் அப்படியே இருக்கும் துப்பாக்கியில் கைவைத்தால் நட்டம் என்பதற்கு இதைவிட எளிய அளவுகோல் கிடையாது.

இதே வரிசையைக் கீழேயிருந்து படித்தால் புதுப்பித்தலின் நியாயமும் தெரிகிறது. ஆழமாக அரித்து, முக்கிய உதிரிகள் தொலைந்து, 'மோசம்' என்ற அடிமட்டத்தில் கிடக்கும் துப்பாக்கிக்கு இழக்க எதுவும் இல்லை. முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்பே யாரோ சாணை பிடித்து நிக்கல் முலாம் பூசிக் கெடுத்துவிட்டதற்கும் அப்படித்தான். அசல் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே புதுப்பிக்கத் தகுதியானது பெரும்பாலும் முன்பே ஒருமுறை மோசமாகப் 'புதுப்பிக்கப்பட்ட' துப்பாக்கிதான்.

அங்கே நல்ல கைவினைஞரின் திறமை அசர வைக்கும். 1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரின் சட்டத்தில் நீலமும் பழுப்பும் வைக்கோல் நிறமும் மேகங்கள்போல் கலந்திருக்கும். அது வர்ணம் அல்ல. எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய பெட்டியில் இரும்பை வைத்துப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் சட்டென்று அமிழ்த்தும்போது அதன் தோல் கடினமாகிறது. அந்த வேகத்தில் நிறமும் பிறக்கிறது. ஒரு துப்பாக்கிக்கு வந்த கோலம் இன்னொன்றுக்கு வராது. சூடும் தணிப்பும் கொஞ்சம் பிசகினால் சட்டமே கோணிக்கொள்ளும். இன்று பெரும்பாலான பட்டறைகளில் நடக்கும் காரக்குளியல் நீலத்துக்கும், அந்தக் காலத்துக் கரிச்சூட்டு நீலத்துக்கும் பளபளப்பிலேயே வித்தியாசம் தெரியும். பழைய முறைகளை மீட்டெடுத்து வைத்திருக்கும் சில அமெரிக்கப் பட்டறைகளை வெறும் மெருகுக் கடைகள் என்று ஒதுக்குவது சரியல்ல. ஒரு தொழில்நுட்பம் செத்துப் போகாமல் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

ஆனால் 'பழைய நிலைக்கு' என்றால் எந்தப் பழைய நிலைக்கு? இந்தக் கேள்வியில் புதுப்பித்தல் அடிக்கடி தடுக்கி விழுகிறது. இதற்குச் சரியான உதாரணம் அமெரிக்க ராணுவத்தின் கோல்ட் ரிவால்வர்கள். 1873 முதல் 1891 வரை ஏறத்தாழ 37,000 சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மிகளை ராணுவம் வாங்கியது. குதிரைப்படைக்காக வாங்கிய அவற்றின் குழல் ஏழரை அங்குலம். 1890-களின் நடுவில், பயன்பாட்டில் தேய்ந்தவற்றைத் திரட்டி, பிரித்துப் பழுதுபார்த்து, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டித் திரும்ப வழங்கினார்கள். பிரித்தபோது உதிரிகள் கலந்துவிட்டன. ஒன்றின் சட்டத்தில் இன்னொன்றின் உருளை, மூன்றாவதன் குழல். அதனால் பெரும்பாலானவற்றில் வரிசை எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. சேகரிப்பாளர்கள் இவற்றை 'ஆர்ட்டிலரி' மாதிரி என்பார்கள். கியூபாவிலும் பிலிப்பைன்ஸிலும் போர் கண்டவை.

இப்படிப்பட்ட ஒன்று கையில் கிடைத்ததும், அதை முதல் பிறவிக்கே திருப்பிவிடும் ஆசை சிலருக்கு வருகிறது. நீளக் குழலைத் தேடிப் பொருத்துகிறார்கள், எண்களைச் சேர்க்கிறார்கள், குதிரைப்படைத் துப்பாக்கி ஆக்குகிறார்கள். அப்போது அது 1873-க்கும் போகாது, 1890-களிலும் நிற்காது. எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு துப்பாக்கியாகிவிடுகிறது. ராணுவமே செய்த வெட்டும் கலப்படமும்தான் அந்தத் துப்பாக்கியின் வரலாறு. பொருந்தாத எண்களைக் குறை என்று படிப்பவர் பட்டறைக்கு ஓடுவார். அவற்றைச் சேவைக் குறிப்பேடாகப் படிப்பவர் அப்படியே விட்டுவைப்பார்.

இதில் பணமும் புகுந்துகொள்கிறது. 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் பெரும் தோல்வி கண்ட ஏழாவது குதிரைப்படையோடு தொடர்புள்ள கோல்ட் என்றால் விலை எங்கோ போய்விடும். ஆகவே அந்தப் படைக்குப் போன துப்பாக்கிகளைச் சோதித்த ராணுவப் பரிசோதகர் ஐன்ஸ்வொர்த்தின் 'ஓ.டபிள்யூ.ஏ.' முத்திரையைச் சாதாரணத் துப்பாக்கிகளில் போலியாகப் பொறித்து விற்பது நெடுங்காலமாக நடக்கிறது. அரித்த எழுத்தை மறுபடி பொறிக்கத் தெரிந்த கைக்கு, இல்லாத எழுத்தைப் பொறிக்கவும் தெரியும். புதுப்பித்தல் என்ற தொழிலின் மிகப் பெரிய பலவீனம் இது.

இவ்வளவையும் கேட்டு 'எதையும் தொடாதே' என்று ஓதும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சிலும் ஓட்டை உண்டு. காலம் ஏற்றிய சீரான பழுப்புப் படலம் வேறு, உயிருள்ள செந்துரு வேறு. செந்துருவை விரலால் தேய்த்தால் பொடியாக ஒட்டும். ஈரம் இருக்கும்வரை அது இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். அதை 'முதுமையின் அழகு' என்று விட்டுவைப்பது பராமரிப்பில் சேராது, சோம்பேறித்தனம். கொதிநீரில் போட்டு எடுத்தால் செந்துரு நிலையான கருநிற ஆக்சைடாக மாறும். பிறகு மெல்லிய கம்பித் தூரிகையால் தளர்ந்த பொடியைத் துடைத்து எண்ணெய் இட்டால் போதும். உலோகம் குறையாது, குழிகள் குழிகளாகவே இருக்கும், அரிப்பு மட்டும் நிற்கும்.

2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்ந்தபடி கிடைத்த வின்செஸ்டர் 1873 ரைஃபிளுக்கும் இதே கொள்கையைத்தான் பின்பற்றினார்கள். அது 1882-ல் செய்யப்பட்டது. மரப்பகுதி வெளுத்து வெடித்து, அடிக்கட்டை மண்ணில் புதைந்திருந்தது. வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தார் உதிரும் மரச்சில்லுகளைப் பசை கொண்டு நிலைப்படுத்தினார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டையின் உள்ளறையில் ஒரு தோட்டா இருந்தது தெரிந்தது. ரைஃபிளைப் புதிதாக்க முயலவில்லை. மெருகேற்றிய 1873 ரைஃபிள்கள் ஏராளமாக இருக்கின்றன. மரத்தில் சாய்ந்தே காலம் கழித்தது இந்த ஒன்றுதான்.

தோற்றத்தை விட்டு உள்ளே போனால் கணக்கு மாறுகிறது. தேய்ந்த ரிவால்வரில் பெரும்பாலும் கெட்டிருப்பது டைமிங். சுத்தியலை இழுக்கும்போது உருளை சரியான இடத்துக்குச் சுழன்று நின்று குழலோடு நேராக வேண்டும். உருளையைத் தள்ளும் சிறு நெம்பு தேய்ந்திருந்தாலோ, உருளையைப் பிடித்து நிறுத்தும் வெட்டுகள் நசுங்கியிருந்தாலோ அறை விலகி நிற்கும். ஈயம் பக்கவாட்டில் சிதறும். நெம்பையும் ஸ்பிரிங்கையும் மாற்றுவது சின்ன வேலை. கழற்றிய பழையதை ஓர் உறையில் போட்டு வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி மாட்டலாம். வெளித்தோலைத் தொடாத, திரும்பப் பெறக்கூடிய இந்த வகைப் பழுதுபார்ப்புக்கு எதிராகச் சொல்ல அதிகம் இல்லை.

சுடுவதற்காகப் புதுப்பிப்பது மட்டும் பெரும்பாலும் தவறான கணக்கு. 1890-களுக்கு முந்தைய இரும்பு, கரும்வெடிமருந்தின் மென்மையான அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. கோல்ட் நிறுவனமே தன் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மிக்குப் புகையில்லா வெடிமருந்தை ஏற்றுக்கொண்டு உத்தரவாதம் தந்தது 1900-ஐ ஒட்டித்தான். அரித்த அறைச்சுவருக்கு மேல் எவ்வளவு அழகான நீலம் இருந்தாலும் சுவர் தடிக்காது. இத்தாலியின் உபெர்ட்டி, பியெட்டா நிறுவனங்கள் அதே வடிவில் இன்றைய எஃகில் செய்து தருகின்றன. சுடும் ஆசைக்கு அதுவே மலிவு, பத்திரமும்கூட.

பட்டறைக்குப் போவதென்று முடிவானாலும் செய்ததை எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தொழிற்சாலை ஒரு முன்மாதிரி காட்டியிருக்கிறது. பழுதுக்குத் திரும்பி வந்த ரிவால்வர்களில் வரிசை எண்ணருகே ஒரு நட்சத்திரமும், கைப்பிடிப் பலகைக்கு அடியில் வேலை செய்த தேதியும், புதிதாக ஏற்றியது நீலமா நிக்கலா என்ற குறியும் பொறித்து அனுப்பியது. அந்த நட்சத்திரத்தைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. தனியார் பட்டறைகளும் இப்படிப் பலகைக்கு அடியில் தம் முத்திரையை இட்டு, வேலைக்கு முந்தைய படங்களை உடைமையாளரிடம் கொடுத்தால் புதுப்பித்தல் மேல் உள்ள சந்தேகத்தில் பாதி கரைந்துவிடும். இப்போதைக்கு அது அவரவர் விருப்பம். ஆகவே கண்ணைப் பறிக்கும் நூறாண்டு ரிவால்வரை வாங்கப் போகிறவர் முதலில் இரண்டு கைப்பிடிப் பலகைகளையும் கழற்றிப் பார்க்கக் கேட்பது நல்லது. விற்பவர் மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.