ஒரே கோட்டில் தில்லையும் ஊட்டியும்

சிதம்பரத்திலிருந்து அட்சக்கோடு பிசகாமல் நேர் மேற்கே போனால் ஊட்டிக்குப் பக்கத்தில், முத்தோரை மலைச்சரிவை ஒட்டிப் போய் நிற்போம். தில்லை எனும் சிதம்பரம் ஆகாயத் தலம். முத்தோரையில் ஆகாயத்தைக் கேட்கும் ரேடியோ தொலைநோக்கி. தற்செயல்தான், இதற்கொரு தலபுராணம் எழுத வேண்டாம்.

ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்து 1970 முதல் இயங்கும் இந்தத் தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஆனால் அழகு அளவில் இல்லை, சாய்வில் இருக்கிறது. வடக்கே போகப் போக உயரும் அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் அதேதான். ஆகவே தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தால் போதும், ஒரு வானப் பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். மலையையே கருவியின் ஓர் உறுப்பாக்கிவிட்டார்கள். இப்படியொரு சரிவைத் தேடிப் பிடித்த கண்ணை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தால் தகடு எதுவும் கிடையாது. 24 பரவளையச் சட்டங்களின் மேல் தெற்கு வடக்காக இழுத்துக் கட்டிய 1,100 எஃகுக் கம்பிகள், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. நீலகிரிக் காற்று தாராளமாகப் புகுந்து போகும்; 92 சென்டிமீட்டர் நீள அலைக்கு மட்டும் அது சுவர்.

அந்த 92-இல்தான் சூட்சுமம். ஹைட்ரஜன் அணு தானாக வெளியிடும் ரேடியோ அலையின் நீளம் 21 சென்டிமீட்டர். ஓர் அணு அதை விடுவிக்கச் சராசரியாக ஒரு கோடியே பத்து லட்சம் ஆண்டுகள் காத்திருக்கும்! பேரண்டத்துக்கு ஏறத்தாழ 200 கோடி வயதானபோது கிளம்பிய அலை, வெளி விரிய விரிய நான்கு மடங்குக்கு மேல் நீண்டு, நம்மிடம் வரும்போது 92 சென்டிமீட்டராகிவிடுகிறது. ஊட்டி கேட்பதும் அதே நீளத்தை. சந்திரன் மறைக்கும் ரேடியோ மூலங்களை அளக்கக் கட்டிய கருவிக்கு இது உபரியாக வாய்த்த பேறு. அந்தக் காலத்து ஹைட்ரஜன் திரள்களை அங்கே தேடியும் பார்த்தார்கள். சிக்கவில்லை, அவ்வளவு மெலிந்த ஒலி.

ஊட்டிச் சாய்வைப் பார்க்கக் கடலூர்க்காரர்கள் மலையேற வேண்டியதில்லை. தெளிந்த இரவில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வடக்கு நோக்கி நின்று, கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தைச் சற்றே தாண்டித் துருவ நட்சத்திரம் இருக்கும். அந்த உயரம் ஏறத்தாழ நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை; ஒரு டிகிரி முன்னே பின்னே, முத்தோரைச் சரிவின் சாய்வும் அதுவே.